அக்கரைச் சீமைக் கப்பல் ரஜுலா

கடலே இல்லாத ஊரில் வாழ்கின்ற நாம் ஒரு கப்பலின் வரலாற்றைப் பேசப் புகுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றக்கூடும். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிற பெங்களூரில் நம் பிள்ளைகள் காணும் பெருநீர்ப் பரப்பு அல்சூர் ஏரிதான். ஆயினும் இவ்வூர்த் தமிழ்க் குடும்பங்களிடம் உங்கள் மூதாதையர் எவ்வூரினர் என்று வினவிப் பாருங்கள். வட ஆர்க்காடு என்பார் பலர். சேலம், திருச்சி, தஞ்சை என்பார் சிலர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குப் பெருவாரியாக ஆள் கொடுத்த மாவட்டங்களும் இவையே. மழை பொய்த்த ஆண்டில் ஊரை விட்டுப் புறப்பட்டவர்களுக்கு அந்நாளில் இரண்டு திசைகள் இருந்தன. மேற்கே ஜோலார்ப்பேட்டை வழியாகப் புகைவண்டி ஏறினால் கோலார் தங்கவயல். அதற்கும் அப்பால் பெங்களூர்க் கண்டோன்மென்ட். கிழக்கே நாகப்பட்டினத்துக்குப் புகைவண்டி ஏறினால் கப்பல். அண்ணன் ஒரு திசையும் தம்பி மறு திசையுமாகப் பிரிந்து, பின்னர் ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே மறைந்த குடும்பங்கள் உண்டு.

மேற்கே வந்தவர்களின் வழித்தோன்றல்களாகிய நாம், கிழக்கே சென்றவர்களைச் சுமந்த கப்பல்களுள் ஒன்றைப் பற்றியேனும் அறிந்திருத்தல் நலம். அவற்றுள் நெடுங்காலம் ஓடியதும், தமிழ் மக்களின் நாவில் மிகுதியாகப் பயின்றதும் ரஜுலா என்னும் நீராவிக் கப்பல். 1926-ஆம் ஆண்டில் நீரில் இறங்கி 1973 வரை, இடையில் போர்க்காலம் நீங்கலாக, சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய அக்கப்பல் 1974-இல் பம்பாயில் உடைக்கப்பட்டது. ஒரே பாதையில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு உழைத்த பயணக் கப்பல்கள் உலகில் மிகச் சிலவே.

கம்பெனியும் கப்பலும்

ரஜுலாவைக் கட்டுவித்தது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி. வில்லியம் மக்கினன் என்னும் ஸ்காட்லாந்து வணிகர் 1856-இல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே கப்பல் ஓட்டத் தொடங்கிய தொழில், 1862-இல் இப்பெயரைப் பெற்றது. வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் அது செல்லாத துறைமுகம் இல்லை எனலாம். தமிழர்க்கு இக்கம்பெனி வேறொரு வகையிலும் அறிமுகமானதே. 1906-ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவி, காலியோ, லாவோ என்னும் கப்பல்களைக் கொணர்ந்து தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டியது யாரை எதிர்த்து? இக்கம்பெனியை எதிர்த்தே. கட்டணத்தைக் குறைத்தும், அரசின் கை வன்மையைத் துணைக்கொண்டும் அம்முயற்சி முறியடிக்கப்பட்டது. 1908 மார்ச்சில் சிதம்பரனார் சிறைப்பட்டார். அவர் கப்பல்களும் கைமாறின. அதன் பின்னர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, கடல் கடக்க விரும்பிய தமிழ்க் கூலியாள் பெரும்பாலும் அவரை வென்ற கம்பெனியின் கப்பலிலேயே ஏற வேண்டியிருந்தது. ரஜுலாவின் கதையைப் பெருமையோடு பேசுவோர் இதனையும் மறத்தலாகாது.

இக்கம்பெனி தன் கப்பல்களுக்கு இந்திய ஊர்களின் பெயர்களைச் சூட்டுவது வழக்கம். பெயர் ‘ஆ’ என்னும் ஒலியில் முடிய வேண்டும் என்பது மற்றொரு வழக்கம். ரஜுலா என்பது சௌராட்டிரத்தில் உள்ள ஓர் ஊர். தன் வாழ்நாளெல்லாம் தமிழரைச் சுமந்த கப்பலுக்குக் குஜராத்து ஊரின் பெயர் வாய்த்தது. நம் மக்களோ அதனை ஒரு பெண்ணின் பெயர் போலவே கொண்டு, ‘ரஜுலா வந்துவிட்டாள்’ என்று சொல்லிப் பழகினர்.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரின் கிளைடு ஆற்றங்கரையில் பார்க்லே கர்ல் என்னும் கப்பல் கட்டுவோர் இதனைச் சமைத்தனர். நீளம் 460 அடிக்கு மேல். அகலம் 60 அடிக்கு மேல். எடைக் கணக்கில் ஏறத்தாழ 8,500 டன். நேராக நிமிர்ந்த முகப்பு; கறுத்த உடல்; ஒற்றைப் புகைபோக்கி; அதன் கருமையின்மேல் கம்பெனியின் அடையாளமாகிய இரண்டு வெண்பட்டைகள். பின்புறம் நீரைத் தள்ளும் விசிறிகள் இரண்டு. அவற்றைச் சுழற்றிய பொறிகள் மும்மடி விரிவு முறையில் அமைந்தவை. கொதிகலத்திலிருந்து வரும் நீராவி முதலில் ஒரு சிறிய உருளைக்குள் புகுந்து உந்தும். அங்கே வேகம் சற்றுத் தணிந்ததும் அதனினும் பெரிய உருளைக்கும், பின்னர் மிகப் பெரிய உருளைக்கும் செல்லும். ஒரு நெருப்பில் மூன்று முறை வேலை வாங்கும் சிக்கனம் அது. வேகம் மணிக்குப் பன்னிரண்டு கடல் மைல் அளவில் இருந்தது. விரைவுக்கு அக்கப்பல் பெயர் பெறவில்லை.

பெயர் பெற்றது வேறொன்றில். முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் சிறு தொகையினருக்கு அறைகள் இருந்தன. அவர்களைத் தவிர ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ‘டெக்’ பிரயாணிகளை ஏற்றிச் செல்ல ரஜுலாவுக்கு உரிமம் அளிக்கப்பட்டிருந்தது. அமைதிக் காலத்தில் இத்தனை பேரை ஏற்ற உரிமம் பெற்ற வேறொரு கப்பல் இல்லை என்று கப்பல் வரலாறு எழுதுவோர் கூறுவர். இவ்வெண்ணின் பொருளை உணர ஓர் ஒப்புமை போதும். 1912-இல் மூழ்கிய டைட்டானிக் 46,000 டன்னுக்கு மேற்பட்டது. அதில் அன்று இருந்தோர் மாலுமிகள் உட்பட ஏறத்தாழ 2,200 பேர். ரஜுலா அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சிறியது; ஆனால் அதைப்போல் இரு மடங்கு மக்களை ஏற்றலாம் என்று சட்டம் ஒப்புக்கொண்டது!

எங்ஙனம் இயன்றது? அறை இல்லை, கட்டில் இல்லை, மேசை இல்லை என்று வைத்துவிட்டால் எதுவும் இயலும். மேல்தளத்தில் கித்தான் கூரை, அதன் கீழே அகன்ற இடைத்தளங்கள், தடுப்பில்லாத வெறுந்தரை. பிரயாணிக்கு உரியது ஒரு பாய் விரிக்கும் இடம். ஒருவருக்கு இத்தனை சதுர அடி என்று பிரயாணக் கப்பல்களைப் பற்றிய இந்தியச் சட்டம் வகுத்திருந்தது. அந்த அடிகளைக் கூட்டியே கப்பலின் தளங்கள் அளக்கப்பட்டன. தமிழ்க் கூலியாளின் உடலை அளவுகோலாகக் கொண்டு கட்டிய கப்பல் இது என்று சொன்னால் அது மிகையாகாது. அறைப் பிரயாணிகள் இல்லாவிட்டாலும் அதற்கு வருவாய் உண்டு. டெக் பிரயாணி இல்லாவிட்டால் அதைக் கட்டியே இருக்க மாட்டார்கள்.

நாகையில் ஏறியவர்கள்

இத்தனை ஆயிரம் பேர் ஏறுவதற்குக் காரணம் மலேயாவில் பெருகிய ரப்பர்த் தொழில். மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக, அவற்றின் சக்கரங்களுக்கு ரப்பர் வேண்டியதாயிற்று. பால்மரக் காடுகள் பெருகின. பால் வெட்ட ஆள் வேண்டியதாயிற்று. தோட்ட முதலாளிகள் தங்கள் ஆள்கணக்குக்கு ஏற்ப வரி செலுத்தி ஒரு பொது நிதியைத் திரட்டினர். 1907-ஆம் ஆண்டில் உருவாகிய அவ்விந்தியக் குடியேற்ற நிதியிலிருந்து கப்பற் கட்டணம் கொடுக்கப்பட்டது. ஊர்களுக்கு வந்து ஆள் திரட்டியவர் கங்காணிகள். அவர்களும் அதே ஊர்க்காரர்கள், உறவின் முறையினர். ஆதலால் அவர்கள் பேச்சை ஊரார் நம்பினர். தேங்காய்க்கும் மாசிக்கும் பஞ்சமில்லாத சீமை என்று அவர்கள் சொன்னதில் மெய்யும் இருந்தது, பொய்யும் இருந்தது.

திரட்டப்பட்டோர் நாகப்பட்டினத்திலும் சென்னைக்கு அருகே ஆவடியிலும் இருந்த முகாம்களில் தங்க வைக்கப்பட்டனர். அங்கே பெயர், தந்தை பெயர், ஊர், சாதி ஆகியவை பதியப்பட்டன. மருத்துவர் சோதித்தார்; அம்மைத் தடுப்பு ஊசி குத்தப்பட்டது. தாமே விரும்பிச் செல்கின்றனரா என்று அதிகாரி வினவுவார். ‘ஆம்’ என்பதே எதிர்பார்க்கப்பட்ட விடை.

சென்னையில் கட்டுத்துறை உண்டு; கப்பல் கரையை ஒட்டி நிற்கும். நாகையில் அவ்வசதி இல்லை. ஆழம் போதாமையால் ரஜுலா கரையிலிருந்து எட்டி, நடுக்கடலில் நங்கூரமிடும். மக்களும் மூட்டைகளும் சலங்குகளில் ஏறி அலைகளைக் கடந்து அதன் விலாப்புறம் சேர வேண்டும். படகு அலையோடு எழும்போது ஒரு கணம் பார்த்து ஏணிப்படியில் கால் வைக்க வேண்டும். அதுவரை ஆற்றையும் ஏரியையும் அன்றிப் பிற நீரைக் கண்டறியாத ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு அவ்வேணியைப் பற்றிய அச்சத்தை நாம் எண்ணிப் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று மிகுந்தால் கப்பல் வந்து நின்றும் ஏற இயலாமல் காத்துக் கிடப்பதும் உண்டு.

கப்பல் புறப்பட்டதும் ஊரில் கடைசியாகக் கண்ணுக்குத் தென்படுவன நாகூர்த் தர்காவின் மினாராக்கள். அவற்றுள் உயரமானது தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிம்மர் எடுப்பித்தது. நாகூர் ஆண்டவரைக் கடற்பயணிகளின் காவலராகக் கொண்டு வேண்டிக்கொள்வது முஸ்லிம்களோடு நில்லாமல் எல்லா மதத்தாரிடமும் நிலவிய வழக்கம். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர்த் தர்காக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுந்தன. ஆதலால் புறப்படும் கரையில் வேண்டிக்கொண்டு, சேரும் கரையில் நேர்த்தி செலுத்த வழி இருந்தது.

நாகையிலிருந்து பினாங்கு ஏறத்தாழ 1,250 கடல் மைல். நிக்கோபார்த் தீவுகளுக்குத் தெற்கே, சுமத்திராவின் வடமுனையை வலப்புறம் விட்டு, மலாக்கா நீரிணைக்குள் கப்பல் நுழையும். ஐந்து நாள் ஆகும். அதன்பின் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அந்நாளில் வழங்கிய கிள்ளான் துறைமுகம், இறுதியில் சிங்கப்பூர். சென்னையில் ஏறியவருக்கு மொத்தம் ஏழெட்டு நாள்.

அந்நாட்கள் எப்படிக் கழிந்தன? முதல் வேலை இடம் பிடிப்பது. பாயை விரித்து, நான்கு மூலைகளிலும் பெட்டி, மூட்டை, கூஜா, செருப்பு ஆகியவற்றை வைத்துவிட்டால் அது ஒரு குடும்பத்தின் வீடு. பக்கத்துப் பாய் பக்கத்து வீடு. பாய்களுக்கு இடையே நடப்பதற்கும் இடம் அரிது. முதல் இரண்டு நாள் பெரும்பாலோர்க்குத் தலைசுற்றலும் வாந்தியும். எலுமிச்சம்பழமும் ஊறுகாயுமே மருந்து. மூன்றாம் நாள் தலை நிமிரும். அப்போதுதான் அடுத்த பாயில் இருப்பவர் யார் என்று பார்ப்பார்கள். கடலைக் கடந்தால் குலம் கெடும் என்று நம்பிய காலம் அது. ஊரில் ஒரே கிணற்றில் நீர் எடுக்க உரிமை இல்லாதவர்கள் இங்கே ஒரே தளத்தில் தலைமாடு கால்மாடாகப் படுக்க நேர்ந்தது. கப்பலில் சாதி ஒழிந்தது என்று சிலர் எழுதிவிடுகின்றனர். அது ஒழியவில்லை, இறங்கிய தோட்டத்து வரிசை வீடுகளில் அது மீண்டும் தலை தூக்கியதற்குச் சான்றுகள் மிகப் பல. ஆனால் ஐந்து நாளேனும் அதற்கு விரித்துப் படுக்க இடமில்லாமல் இருந்தது.

பினாங்கை அடைந்ததும் நேரே ஊருக்குள் போய்விட இயலாது. டெக் பிரயாணிகளை ஜெரெஜாக் தீவில் இருந்த தொற்றுநோய்த் தடுப்பு முகாமுக்குக் கொண்டு சென்று, அங்கே நாள் கணக்கில் வைத்திருப்பர்; துணிகளை ஆவியில் வேக வைப்பர். அறை வகுப்பினருக்கு இத்தொல்லை இல்லை. நோய்க்கிருமி பிரயாணச் சீட்டின் வகுப்பைப் பார்த்தா தொற்றும் என்று அக்காலத்துத் தமிழ் மக்கள் குறைபட்டுக்கொண்டதில் நியாயம் இருந்தது.

உடன்பிறந்த கப்பலும் போரும்

ரஜுலாவுக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. அதே 1926-இல், அதே பாதைக்காக, வேறொரு பட்டறையில் கட்டப்பட்ட ரோனா என்னும் கப்பல் அது. தந்தை பெரியார் 1929 டிசம்பரில் மலேயாவுக்கு முதன்முதல் சென்றபோது நாகையில் ஏறியது இந்த ரோனாவில்தான். அவரை வரவிடலாகாது என்று அங்கே சிலர் குரல் எழுப்பியும், பினாங்குத் துறையில் மக்கள் வெள்ளம் அவரை வரவேற்றது. ஆள் ஏற்றிய கப்பல் கருத்துகளையும் ஏற்றிச் சென்றது.

அப்பயணத்தின் ஈரம் உலர்வதற்குள் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. ரப்பரின் விலை சரிந்தது. வேலையற்றோரை வைத்துச் சோறு போடுவதினும் திருப்பி அனுப்புவது சிக்கனம் என்று தோட்டங்கள் கண்டன. 1930 முதல் மூன்று ஆண்டுகளில் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் மலேயாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டனர். சென்றபோது ரஜுலாவை நிரப்பியவர்களே திரும்பும்போதும் அதனை நிரப்பினர். கப்பற் கம்பெனிக்கு இரு திசையும் ஒன்றே. மந்தம் நீங்கியதும் மீண்டும் ஆள் எடுப்புத் தொடங்கிற்று. தோட்டங்கள் கூலியைக் குறைத்த காரணத்தால், இந்திய அரசு 1938 ஜூனில் உதவிப்பணம் பெற்றுச் செல்லும் கூலியாட்களின் பயணத்தைத் தடை செய்தது. கங்காணிமுறை அத்துடன் முடிவுற்றது. தம் கையிலிருந்து கட்டணம் செலுத்திச் செல்வோர் மட்டும் தொடர்ந்து சென்றனர்.

பின்னர் போர். இரண்டு கப்பல்களும் படைவீரரைச் சுமக்கும் பணிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது; அன்று முதல் மூன்றரை ஆண்டுக் காலம் இக்கரைக்கும் அக்கரைக்கும் இடையே கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை, பணவிடையும் இல்லை. கணவன் உயிரோடு இருக்கிறானா என்றறியாமல் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தவித்த பெண்கள் தஞ்சை, திருச்சி மாவட்டச் சிற்றூர்களில் எத்தனை பேர்! சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் காட்டிலேயே மடிந்தனர். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை.

ரோனா திரும்பவில்லை. 1943 நவம்பர் 26-ஆம் நாள், அமெரிக்கப் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு இந்தியா நோக்கி வரும் வழியில், அல்ஜீரியக் கரைக்கு அப்பால் மத்தியதரைக் கடலில் ஜெர்மானிய விமானம் ஏவிய ஒரு புதுவகைக் குண்டு அதனைத் தாக்கியது. ஏவிய பின்னரும் வானொலி அலைகளால் திசை திருப்பப்படும் குண்டு அது; இற்றை நாள் ஏவுகணைகளின் மூதாதை எனலாம். ஆயிரத்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் அமெரிக்கர் மட்டும் 1,015 பேர். இச்செய்தி நெடுங்காலம் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவில் அதன் பொருட்டுப் பிற்காலத்தில் நினைவுச் சின்னம் எழுப்பினர், நூல்கள் எழுதினர். அதே கப்பலில் மாண்ட மாலுமிகளுள் பெரும்பாலோர் இந்தியர் என்பதை அறிந்தோர் குறைவு.

ரஜுலா பிழைத்தது. போர் முடிந்து செப்பனிடப்பட்டுத் தன் பழைய பாதைக்கு வந்து சேர்ந்தது.

புதிய பிரயாணிகள்

போருக்குப் பிற்பட்ட ரஜுலாவில் கூட்டம் பழைய கூட்டம் அன்று. டெக் பிரயாணிகளின் உச்ச எண்ணிக்கை பெரிதும் குறைக்கப்பட்டது. கடவுச்சீட்டு வேண்டும், குடிநுழைவு அனுமதி வேண்டும். 1953 முதல் மலேயா தன் வாயிலை மேலும் இறுக்கியது. ஏறியவர்கள் பெரும்பாலும் அங்கே ஏற்கெனவே வேர் ஊன்றியவர்கள்: மளிகைக் கடைக்காரர், செட்டிநாட்டுக் கணக்கப்பிள்ளைகள், சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்தின் தொழிலாளர், ஆசிரியர், ஊருக்கு வந்து பெண் கொண்டு திரும்பும் மாப்பிள்ளைகள், கணவனை முதன்முதல் முழுதாய்ப் பார்க்கப் போகும் மணப்பெண்கள். சென்னையில் அச்சான வார இதழ்களும் திரைப்படப் பெட்டிகளும் அவர்களோடு சென்றன. திரும்பி வருகையில் கோடாலித் தைலம், பிஸ்கட்டுத் தகரம், பூப்போட்ட கைலி, வானொலிப் பெட்டி. ‘சிங்கப்பூர்ச் சாமான்’ என்னும் தொடரின் மதிப்பு, ரஜுலா வந்த மறுநாள் சென்னை மண்ணடியிலும் நாகைக் கடைத்தெருவிலும் தெரியும்.

இந்நாட்களின் ரஜுலாவைப் பலர் இனிமையாக நினைவுகூர்வர். தளத்தில் பாட்டு, சீட்டாட்டம், பிள்ளைகளின் ஓட்டம், கூட்டுச் சமையலின் மணம் என்று அவர்கள் சொல்வதெல்லாம் உண்மையே. ஆயினும் அக்கப்பலின் கடைசிப் பெரும் வேலையும் அதன் முதல் வேலையைப் போன்றே கடுமையானதாக அமைந்தது.

1957-இல் மலாயா விடுதலை பெற்றது. 1965-இல் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர் நீலநிற அட்டை பெற்றனர். எழுத்தறியாத தோட்டத் தொழிலாளர் பலர் அதன் இன்றியமையாமையை உணராது சிவப்பு அட்டையோடே இருந்துவிட்டனர். என்றேனும் ஊருக்குத் திரும்புவோம், எதற்கு இந்தத் தாள் என்று எண்ணியவரும் உண்டு. 1969 மே மாதத்துக் கலவரத்தை அடுத்து, குடியுரிமை அற்றோர் வேலை செய்யத் தனி அனுமதி பெற வேண்டும் என்று மலேசியா விதித்தது. நாற்பது ஆண்டு பால் வெட்டிய கைகளுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. சிங்கப்பூரிலோ பிரிட்டிஷ் படை 1971-இல் விலக, கடற்படைத் தளத்து வேலை போயிற்று. பல்லாயிரம் தமிழர் இக்கரைக்குத் திரும்பினர். அந்நாளில் இப்பாதையில் ஓடியவை ரஜுலா முதலிய சில கப்பல்களே.

இம்முறை பிரிவு ஒரு புதுமுறையில் நிகழ்ந்தது. அங்கே பிறந்த மகனுக்கு நீல அட்டை. தாய்க்குச் சிவப்பு அட்டை. மகன் கரையில் நின்றான். தாய் கப்பலில் ஏறினாள். துறைமுகத்தில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே வண்ணக் காகிதச் சுருள்களை எறிந்து, ஒரு முனையைப் பிரயாணியும் மறு முனையை வழியனுப்ப வந்தவரும் பிடித்துக்கொள்ளும் வழக்கம் கப்பல் உலகில் உண்டு. கப்பல் நகர நகர அக்காகிதம் நீண்டு அறும். உல்லாசப் பயணிகளுக்கு அது வேடிக்கை. ரஜுலாவின் தளத்தில் நின்றவர்கள் பிடித்திருந்ததற்குக் காகிதம் வேண்டியிருக்கவில்லை. இளமையில் மூட்டையோடு சென்ற பெண், முதுமையில் மூட்டையோடு திரும்பினாள். அவள் இறங்கிய கரையில் அவளை அறிந்தோர் யாரும் இல்லை.

முடிவு

1973-இல் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி ரஜுலாவை இந்தியக் கப்பற் கழகத்துக்கு விற்றது. கழகம் அதற்கு அந்தமானில் உள்ள ஓர் ஊரின் பெயரால் ரங்கத் என்று பெயரிட்டது. அப்பெயர் யார் நாவிலும் நிலைக்கவில்லை. நிலைப்பதற்குக் காலமும் இல்லை. அடுத்த ஆண்டே பம்பாயில் உடைத்துவிட்டனர். நாற்பத்தெட்டு ஆண்டு உழைத்த உடல் இரும்பு விலைக்குப் போயிற்று.

அதன் பாதையை இந்தியக் கப்பற் கழகத்தின் சிதம்பரம் என்னும் கப்பல் ஏற்றது. அது பிரான்சில் கட்டப்பட்டு வேறு பெயரில் ஓடி, பின்னர் நாம் விலைக்கு வாங்கியது. குளிர்பதன அறைகளும் நீச்சற்குளமும் கொண்டது. சுதேசிக் கப்பல் கண்ட பெரியாரின் பெயரை அது நினைவூட்டுவதாகத் தமிழர் மகிழ்ந்தனர். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பற்றிப் பலர் மாண்டனர். அத்துடன் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பயணக் கப்பற் போக்குவரத்து நின்றது. இன்று விமானம் நான்கு மணி நேரத்தில் கொண்டு சேர்க்கிறது. நம் பெங்களூரிலிருந்தே நேராகச் செல்லலாம். நாகையிலிருந்து பயணக் கப்பல் ஒன்று மீண்டும் புறப்பட்டது 2023 அக்டோபரில்தான். அது கிழக்கே செல்லவில்லை, தெற்கே இலங்கையின் காங்கேசன்துறைக்குச் சென்றது.

ரஜுலாவின் முகப்பு மணியோ, சுக்கானோ எங்கேனும் தமிழ்நாட்டுப் பொருட்காட்சிச் சாலையில் வைக்கப்பட்டிருக்கலாம் அல்லவா என்று கேட்போர் உண்டு. கப்பலின் உறுப்புகளினும் நமக்கு வேண்டுவன வேறு. முகாமில் கொடுத்த தகரப் பில்லை, டெக் வகுப்புச் சீட்டு, ஊசி குத்திய சான்று, 1950-களின் கடவுச்சீட்டு, பினாங்கிலிருந்து வந்த கடிதம், கப்பலேறும் முன் நாகையில் எடுத்த குடும்பப் புகைப்படம் ஆகியவை இன்னும் சில வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில் கிடக்கின்றன. வீடு மாற்றும்போதும், பெரியவர் மறைந்த பின் அலமாரியை ஒழிக்கும்போதும் இவையே முதலில் குப்பைக்குப் போகின்றன. நம் அங்கத்தினர் குடும்பங்களில் மேற்கே வந்தவர்களோடு கிழக்கே சென்ற கிளையும் உடையவர்கள், அத்தகைய தாள்கள் ஏதேனும் இருப்பின், எறிவதற்கு முன் சங்க நூலகத்துக்கு ஒருமுறை கொண்டு வந்து காட்டுவார்களாக. படி எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பெயரும் ஆண்டும் தெரிந்த மட்டில் தாளின் பின்புறம் பென்சிலால் எழுதிக் கொணர்வது நலம். மையால் எழுதினால் காலப்போக்கில் ஊறிவிடும்.